கேப் இருக்கிறதா? ஆம்

செவ்வாய் நாள் 3190. காலை 09:10
மருத்துவர் அமலோற்பவம், செவ்வாய் முகாம். பல் கேப் ஆய்வு, ஒன்பதாம் ஆண்டுப் பரிசோதனை. ஆட்கள் இருவர்: நானும் துளைப்பொறியாளர் இசக்கிராஜும். இங்கே பல்வலி வந்தால் வேலை கெடும் என்று, கிளம்புமுன் எங்கள் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, தாடை எலும்பில் டைட்டானியம் திருகு இறக்கி, மேலே செராமிக் கேப் மாட்டினார்கள். ஆளுக்கு எட்டு. விரிசல் இல்லை. தேய்மானம் இல்லை. படிவத்தில் ஒரே கேள்வி: கேப் இருக்கிறதா? பதினாறு ‘ஆம்’ குறித்து அனுப்பினேன்.

நாள் 3194. மாலை 16:40
அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பனித்துளை முகாமிலிருந்து இசக்கி ரேடியோவில்: “அக்கா, பல்லு கல்லு மாரி இருக்கு. ஆனா தாடை ஆடுது. தொட்டா ஒரு பக்கமே சேந்து அசையுது. காய்ச்ச வேற.” உடனே வரச் சொன்னேன்.

நாள் 3195. காலை 11:25
இசக்கியின் முழுத் தாடையையும் படம் எடுத்தேன். கேப் புத்தம் புதுசு. கீழே எலும்பு பாதிதான் இருக்கிறது, மிச்சமெல்லாம் சீழ். சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி மெத்தை மாதிரி நார் இருக்கும். அழுத்திக் கடித்தால் சொல்லிவிடும். திருகுக்கு அது கிடையாது. தூக்கத்தில் நறநறவென்று கடித்ததெல்லாம், இந்தக் குறைந்த ஈர்ப்பில் மெலிந்துபோன எலும்பில் நேராக இறங்கியிருக்கிறது. கேப் உடைந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். உடையவே இல்லை, சனியன்.

நாலாம் ஆண்டே எங்கள் இருவருக்கும் தாடை எலும்பு கரைந்து இறங்கியதைப் படத்தில் பார்த்தேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கேட்காததை எழுதினால் படிவம் திரும்பி வரும், மறுபடி முதலிலிருந்து நிரப்ப வேண்டும் என்று விட்டுவிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாள் 3196. காலை 10:05
பூமிக்கு அனுப்பினேன்: இரண்டாம் கப்பலில் வரும் நாற்பது பேருக்குப் பல் பிடுங்குவதை நிறுத்துங்கள். அங்கே திங்கட்கிழமை தொடங்குகிறார்கள்.
பதில், ஆய்வுத் தலைவர் குலசேகரன்: “அம்மா, ஒம்பது வருஷமா நீங்கதான நூத்துக்கு நூறுன்னு அனுப்பினீங்க? அத வச்சுத்தான் நாப்பது பேருக்கும் அனுமதி வாங்கினோம். இப்ப என்ன திடீர்னு? இசக்கிக்கு கேப் இருக்கா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க.”
இருக்கிறதய்யா, இருக்கிறது! ஆள் இருப்பானா என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

நாள் 3197. பகல் 13:30
இசக்கி செத்துப்போனான். சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைத்துவிட்டது. தொண்டையில் துளையிட்டும் பிரயோஜனம் இல்லை. சாகுமுன், பேச முடியாமல் பலகையில் எழுதிக் காட்டினான்: “அந்த நாப்பது பேரு, அக்கா.”
பூமியின் பதில்: “ஆழ்ந்த இரங்கல். இறப்பு, பல் சாராத காரணமாகப் பதிவாகிறது. எட்டு கேப்பும் கடைசிவரை நிலைத்தன.”
தூ.

நாள் 3199. காலை 08:50
விதிப்படி படிவத்தில் ஒரே ஒரு ‘இல்லை’ விழுந்தால் போதும், அங்கே பல் பிடுங்கும் வேலை தானாக நிற்கும். ஆதாரப் படமும் கேட்கும். கண்ணாடி முன் உட்கார்ந்து என் எட்டையும் திருகோடு பிடுங்கினேன். இடது தாடை உடைந்தது. பரவாயில்லை. எட்டு ‘இல்லை’, படத்தோடு.

பகல் 12:15
பதில்: “ஆய்வுக்குட்பட்டவரே கழற்றியவை ஏற்கப்படா. உங்கள் பெயர் நீக்கப்படுகிறது. எஞ்சியவர் ஒருவர்: இசக்கிராஜ். வெற்றி நூறு சதவீதம்.”
செத்தவனை வைத்தா? கட்டையில் போகிறவர்களே, செத்தவனை வைத்தா!

நாள் 3201
அங்கே திங்கள். தொடங்கியிருப்பார்கள். எனக்கும் கழுத்து வீங்கிவிட்டது. தண்ணீர் இறங்கவில்லை.
இந்தக் குறிப்பை எடுக்கப்போவது அந்த நாற்பதில் ஒருவர்தான். வேறு யார் வரப்போகிறார்கள்?
இசக்கி குளிர் அறையில் இருக்கிறான். எட்டும் பளபளவென்று இருக்கும். பார்த்து ஏமாறாதே. நான் குறித்த ‘ஆம்’தான் உன் வாயில் இருக்கிறது. என்னைத் திட்டு. அப்புறம் ஒன்று செய். வலிக்காது, அதை நம்பாதே.
தாடையைத் தொட்டு அசைத்துப் பார்