கரண்டி பிடித்த பத்து நாள்

ஜூன் 3, செவ்வாய்
கொத்தனார் பயிற்சியில் கொடுத்த நோட்டில் பாதிப் பக்கம் காலி. வீணாக்குவானேன்? வீட்டுக்காரர் போன பிறகு வீட்டில் பேச ஆளும் இல்லை.

தூத்துக்குடி மில்லர்புரத்து வீட்டு வேலையில் காண்ட்ராக்டர் அருமைநாயகம் அண்ணாச்சி இன்று ஒரு அறையைக் காட்டினார். "ஏளா மாடத்தி, இத நீ பூசு. சரியா வந்துட்டுன்னா அடுத்த வீட்டுல நீ கொத்தனாரு. இல்லன்னா பழையபடி சட்டிதான்."

பதினேழு வருஷம் கலவைச் சட்டி சுமந்த தலை. பஸ்ஸில் கூட வரும் சித்தாள் செல்வியிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

ஜூன் 4
எனக்குக் கலவை எடுத்துக் கொடுக்க ஒரு சித்தாளும் வரவில்லை. ஆறுமுகநேரியிலிருந்து தினமும் என்னோடு ஒரே சீட்டில் வருகிற செல்வியே சொல்லிவிட்டாள்: "கொத்தனாருக்குச் சுமந்தா வேலை. ஒனக்குச் சுமந்தா நான் ஒனக்கு வேலக்காரில்லா ஆயிருவேன்?"

லாரித் தண்ணீரை ஊற்றி நானே குழைத்து, நானே சுமந்து, நானே பூசினேன். பொழுது சாயும்போது அரைச் சுவர்தான் முடிந்திருந்தது.

ஜூன் 5
டீ நேரம். கொத்தனார்கள் சிமெண்ட் மூட்டை மேல், சித்தாட்கள் வேப்பமரத்தடியில். நான் எங்கே உட்கார? நின்றே குடித்தேன்.

ஜூன் 6
பஸ்ஸில் செல்வி பக்கத்துச் சீட்டில் பையை வைத்திருந்தாள்.

ஜூன் 9, திங்கள்
வேகம் போதாது என்று அண்ணாச்சி செல்வியை எனக்கு ஒதுக்கினார். வேண்டாவெறுப்பாகச் சுமந்தாள். மேல் சுவர் காய்கிறது, கலவை வரவில்லை. சாரத்தில் நின்று கத்திவிட்டேன்: "ஏளா, எங்க போய்த் தொலைஞ்ச?"

அச்சு அசல் சிவனாண்டி கொத்தனார் பேச்சு. எங்கள் இரண்டு பேரையும் இத்தனை வருஷம் விரட்டிய பேச்சு. செல்வி சட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

ஏன் அப்படிக் கத்துனேன்? எனக்கு என்ன வந்துச்சு — அவ என்ன யாரோவா எனக்கு?

ஜூன் 11
அண்ணாச்சி மட்டப்பலகையை நாலு சுவரிலும் வைத்துப் பார்த்தார். ஒரு இடத்திலும் இடைவெளி இல்லை. "திங்கக்கெழமயில இருந்து நீ கொத்தனாரு. சித்தாளா யாரு வேணும், செல்வியா?"

"செல்வி வேண்டாம்" என்றேன். மறுபடி அவளிடம் கத்திவிடுவேனோ என்ற பயம். அதைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். திரும்பினால், வாசலில் செல்வி சட்டியோடு நிற்கிறாள்.

ஜூன் 12
பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் பை இல்லை. செல்வியும் இல்லை. முந்தின பஸ்ஸில் போய்விட்டாளாம். புதுக் கொத்துக்கரண்டி இருந்த பையை அந்தச் சீட்டில் வைத்துக்கொண்டு வந்தேன்.