தமுவுக்குப் போன மோட்டார் சைக்கிள்

அண்ணே,

பெட்ரோல் வாடை அடித்தால் எனக்கு இன்னும் வாயில் ரத்தம் ருசிக்கிறது. இன்று காலை என் மகள் வயிற்றுப் பேத்தி தன் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும்போது வாசலில் கொஞ்சம் சிந்திவிட்டாள். நான் எச்சிலைத் துப்பிப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது.

அவளும் பர்மாவுக்குத் தரை வழியாகப் போகப்போகிறாளாம். போனை வைத்துக்கொண்டு வழி பார்க்கிறாள். "கோகிமா, அங்கிட்டு இம்பால், அதுக்கு அங்கிட்டு மலை இறங்கினா தமு" என்று சொன்னேன். "அம்மாச்சி, ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று வாயைப் பிளக்கிறாள். அஞ்சாவதோடு நின்றவளுக்கு இதெல்லாம் தெரியக்கூடாதா? நம் வீட்டு மாட்டுக் கொட்டகைத் தரையில் நீ கரியால் கிழித்துக் காட்டிய வழி அது. மாடு மிதித்து அழிக்க அழிக்கத் திரும்பப் போடுவாய். மனசில் ஏறிவிட்டது.

சண்டை முடிந்த மறு வருஷம் நீ பட்டாளத்திலிருந்து வந்தாய். இம்பால் பக்கம் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டு போனவன். திருச்சியில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது அதே மாதிரி வண்டி ஒன்றைப் பிடித்து, கீரனூர் வழியாக ஓட்டிக்கொண்டு அரிமளத்துக்குப் பக்கத்தில் நம் ஊருக்குள் நுழைந்தாய். ஊர் நாய் அத்தனையும் உனக்குப் பின்னால். பிறந்ததும் வாக்கப்பட்டதும் எனக்கு அந்த ஒரே ஊர்தான்.

என் வீட்டுக்காரர் ரங்கூனில் அரிசி மில்லில் இருந்தார். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு ஒரு தகவலும் இல்லை. நடந்தே கிளம்பினார் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னதோடு சரி. மகளை வைத்துக்கொண்டு நான் தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பலில் போய்த் தேடக்கூடாதா என்று உன்னைக் கேட்டேன்.

"ரங்கூன்ல இருந்தா கடுதாசி வந்திருக்கும் ஆத்தா. நடந்து வந்த வழியிலதான் எங்கேயோ நின்னுட்டாரு. அந்த வழியிலதான் தேடணும்" என்றாய்.

அன்றிலிருந்து கொட்டகையில் வேறு பேச்சில்லை. எந்த ஆற்றுக்குப் பாலம் இல்லை, எங்கே வண்டியைப் படகில் ஏற்றணும், எந்த மலையில் பெட்ரோல் கிடைக்காது, அதற்கு எத்தனை தகர டின் கட்டணும். கூடாரத் துணியில் பை தைத்தது நான். டயரைக் கழற்றி மாட்டிப் பழகுவாய். நெம்புகிற இரும்பை நான் பிடித்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரருடைய அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. வைக்கோலில் ஆள் செய்து, தம்பி செத்தான் என்று எரித்துக் கருமாதி செய்யப் பார்த்தார் அவர். எனக்குத் தாலி இறங்கிவிட்டால் மகளையும் என்னையும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வயலைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். ஊர்ப் பொதுவில் வைத்து உன்னைக் கேட்டார்: "செத்தவனைத் தேடியா போறீக? போற வழியில எங்கப்பனையும் பாத்தா நான் கேட்டதாச் சொல்லுங்க." அவருடைய அப்பன் செத்து எத்தனையோ காலம். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

நீ வெள்ளிக்கிழமை கிளம்புவதாக இருந்தது. அம்மன் கோயில் காரியம் அவர் கையில். செவ்வாய்க்கிழமையே திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டார். காப்புக் கட்டினபோது ஊருக்குள் இருந்தவன் திருவிழா முடியும் மட்டும் எல்லை தாண்டித் தங்கக்கூடாது. உன்னை நிறுத்திவிட்டதாக அவருக்கு நினைப்பு. ஆனால் காப்பு இருக்கிற மட்டும் ஊரில் எந்தக் கருமாதியும் கூடாது. ஆத்திரத்தில் அதை மறந்துவிட்டார் மனுஷர். "கட்டினவரு தன் கையையும் சேத்துல்ல கட்டிக்கிட்டாரு" என்று நீ சொன்னது டீக்கடை வரை போனது. அங்கேயும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மத்தியானம், கோயிலில் மேளம் முழங்கிக்கொண்டிருக்கையில், ரெண்டு ஆட்களோடும் கடப்பாரையோடும் கொட்டகைக்குள் வந்தார். முதல் அடியில் வண்டியின் விளக்கு சிதறியது. நீ வண்டிமேல் குப்புற விழுந்து அதை அணைத்துக்கொண்டாய். அடுத்த அடி உன் முதுகில். விலா முறிந்த சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது. உன் காது கிழிந்து தொங்கியது. டின்களைக் குத்திக் கிழித்தார்கள். தடுக்கப் போன என் வாயில் அவர் முழங்கையால் இடித்தார். பெட்ரோல் ஓடிய தரையில் விழுந்தேன். பல்லைத் துப்பினேன். என் வலது கையை ஒருத்தன் செருப்புக் காலால் மிதித்துத் திருகினான்.

இடது கைக்கு டயர் நெம்புகிற அந்த இரும்பு அகப்பட்டது.

அவர் திரும்பவும் கடப்பாரையை உன் தலைக்கு நேராக ஓங்கினார். காப்புக் கட்டிய மணிக்கட்டில் போட்டேன். காய்ந்த பனைமட்டை முறிகிற மாதிரி இருந்தது. தோளில் இன்னொன்று போட்டேன். காப்புக் கயிறு அறுந்து ரத்தத்தில் விழுந்தது. கூட வந்த ரெண்டு பேரும் ஓடிப்போனார்கள். மேளம் நின்றது. ஊர் கூடிவிட்டது.

யார் அடித்தது என்று பெரியவர்கள் கேட்டார்கள். நீ வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "நான்தான் அடிச்சேன். அவருக்கு இன்னொரு கை பாக்கி இருக்கு."

கிழிந்த காதோடு நீ சிரித்ததை அப்போது பார்த்தேன்.

காப்புக் காலத்தில் ரத்தம் சிந்த வைத்தவர் என்று, அடுத்த காப்பு வரைக்கும் அவர் எந்தச் சடங்கிலும் கை வைக்கக்கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. அவர் கட்டி வைத்திருந்த வைக்கோலை மாடு தின்றது.

காப்பு அவிழ்த்த மறுநாள், விலாவில் என் சேலைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, விளக்கில்லாத வண்டியில் கிளம்பினாய். கிக்கரை மிதிக்கும்போதெல்லாம் உன் கண் செருகியது. ஒரு வார்த்தை போகாதே என்று நான் சொல்லவில்லை.

அடுத்த காப்புக்கு முன்னால் ரயிலில் வந்து இறங்கினாய். வண்டியை எங்கேயோ மலையில் விட்டிருந்தாய். ஆள் பாதியாகியிருந்தாய். தமுவில் ராமநாதபுரத்துக்காரர் ஒருத்தர், என் வீட்டுக்காரரோடு நடந்து வந்தவர், அங்கேயே தங்கியிருந்தாராம். அவர்தான் இடத்தைக் காட்டினாராம்.

"காச்சல்ல போயிட்டாரு ஆத்தா. புதைச்ச எடத்தைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் வாரேன்."

"நிச்சயந்தானாண்ணே?"

"நிச்சயம்."

வேறு யாரையும் நான் கூப்பிடவில்லை. உன் முன்னாலேயே தாலியை நானே கழற்றினேன். அதன் பிறகுதான் அழுதேன். அவருடைய அண்ணன் வாசலில் நின்றார். முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை நான். ஊருக்குள் அவர் பேச்சு எடுபடவில்லை; வயல் என் மகளுக்கென்று நின்றது. அதை உழுது கொடுத்தவனும் நீதான், நீ கண்ணை மூடும் வரைக்கும்.

என் வலது கையில் ரெண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. இதை எழுதுகிற பேனாவைக்கூட மூன்று விரலால்தான் பிடித்திருக்கிறேன். தமுவில் என்ன பார்க்கணும் என்று பேத்தி கேட்டாள். தாத்தாவைப் புதைத்த இடம் இப்போது யாருக்குத் தெரியும். வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கொஞ்ச நேரம் நில்லு என்றேன். விரலுக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறவர்களிடம் கதையெல்லாம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஊரே வைக்கோலை எரித்துச் செத்தான் என்று சொல்ல நின்றபோது, போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல எனக்கு நீ இருந்தாய். அதை மட்டும் சொல்லுவேன்.