பாக்கெட்டை விட்டு வெளியே வராத கை

அன்பு மகன் வாலுக்கு,

முப்பது வயசு ஆனவனை இன்னும் வாலுன்னு கூப்பிடுறதான்னு உங்க அம்மா சண்டைக்கு வருவா. அவ இப்ப பக்கத்துல இல்லை, அதனால ஆசை தீரக் கூப்பிட்டுக்கறேன். நானும் அம்மாவும் சுகமா இருக்கோம், அவ முட்டிவலியும் என் முதுகுவலியும் அதது இடத்துல பத்திரமா இருக்கு. நீயும் சுகம்னு நம்பித்தான் எல்லா அப்பனும் அடுத்த வரியை எழுதுவான், எனக்கு இந்தத் தடவை அதை எழுத மனசு வரமாட்டேங்குது. வாராவாரம் போன்ல பேசுறோமே, இப்ப எதுக்குக் கடிதம்னு கேட்பே. உங்க அம்மாதான் போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கூடத்து நடுவுல வெச்சுடறாளே, அதுல நான் என்னத்தைக் கேட்க. மத்தியான இடைவேளையில பஸ்ஸை டிப்போவுல நிறுத்திட்டுக் கடைசி சீட்டுல உக்காந்து எழுதுறேன்.

வருஷாவருஷம் இந்த நகரத்துல ஒரு வாரம் படவிழா நடக்குமே, ஆசியாவுல எடுத்த படமும், நம்மள மாதிரி சொந்த மண்ணை விட்டு வந்து எங்கெங்கேயோ குடியேறினவங்க எடுத்த படமுமா போடுவாங்களே, அந்த விளம்பரத்தை என் பஸ்ஸோட முதுகுல ஒட்டிக்கிட்டு அந்தத் தியேட்டர் வாசல்ல எத்தனையோ பேரை இறக்கி விட்டிருக்கேன், ஒரு நாளும் நான் உள்ளே போனதில்லை. இந்த வருஷம் நீ நடிச்ச படம்னதும் அம்மாவுக்குத் தலைகால் புரியலை. அத்தை, மாமா, மாடிவீட்டு நர்ஸம்மா, தன் பல்லைப் பிடுங்கின டாக்டர் வரைக்கும் சொல்லி ஊரையே கூட்டிட்டா. அத்தை பொண்ணுதான் கார் ஓட்டிக்கிட்டு வந்தா, நான் சொல்லிக் குடுத்த டிரைவிங்தான், தெருநாயெல்லாம் தானா ஒதுங்கி நிக்குது. விளக்கை அணைச்சதுமே மாமா வழக்கம்போல குறட்டை விட ஆரம்பிச்சார், அத்தை கிள்ளின கிள்ளுல பக்கத்து சீட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான்.

அப்புறம் நீ வந்தே. அவ்வளவு பெரிய திரையில உன் மூஞ்சியைப் பார்த்ததும் அம்மா என் கையைப் பிடிச்சவதான், படம் முடியற வரைக்கும் விடலை. கார் நிறுத்துற இடத்துல ராவும் பகலும் ஒரு கூண்டுக்குள்ள உக்காந்திருக்கிற காவல்காரனா நீ நடிச்சதை நான் குறை சொல்லலைடா, நல்லாத்தான் நடிச்சிருக்கே. ஆனா டீ குடிக்கிற, குடிக்கிறது இடது கையில. கோட்டு பட்டனைப் போடுற, அதுவும் இடது கையில, பல்லால கடிச்சு இழுத்து. ஒரு குழந்தை பந்தை வீசுது, இடது கையில பிடிக்கிற. வலது கை பாக்கெட்டுக்குள்ளேயே கிடக்கு. நீ பொறந்ததுலேருந்து எழுதுறது, சாப்பிடுறது, பந்து எறிஞ்சு அடுத்த வீட்டு ஜன்னலை உடைக்கிறது எல்லாமே வலது கையாச்சே. ஒரே ஒரு இடத்துல அந்தக் கை வெளியே வருது, கூண்டுக் கதவைச் சாத்தப் போற, விரல் மடங்கலை, உடனே தோளால தள்ளிச் சாத்திட்டே.

படம் முடிஞ்சதும் அதை எடுத்த டைரக்டர் பொண்ணு மேடைக்கு வந்தா. கேள்வி கேட்கலாம்னாங்க. கண்ணாடி போட்ட ஒருத்தர் எழுந்து, அந்த ஆள் ஒரு கையைக் கடைசி வரைக்கும் ஒளிச்சு வெச்சுக்கிறானே, என்ன அருமையான யோசனை, யாரோடதுன்னு கேட்டார். அவ சிரிச்சுக்கிட்டே, அது கதையில எழுதினதில்லை, நடிகர் முதல் நாளே அப்படித்தான் வந்து நின்னார், எங்களுக்கும் பிடிச்சுப்போச்சு, விட்டுட்டோம்னா. தியேட்டரே கை தட்டுச்சுடா. அம்மாவும் தட்டினா, அத்தையும் தட்டினா, தூக்கத்துலேருந்து முழிச்ச மாமாவும் தட்டினார். நான் மட்டும் மரம் மாதிரி உக்காந்திருந்தேன். போன மழைக்காலத்துல நீ என்கிட்ட மட்டும் சொன்னியே, வேலை பார்க்கிற அட்டைப்பெட்டி கம்பெனி மெஷின்ல கை லேசா மாட்டிக்கிச்சு, கட்டு போட்டிருக்காங்க, ஒண்ணுமில்லை, அம்மாகிட்ட மூச்சு விடாதீங்கன்னு. அந்த லேசா எவ்வளவு லேசுன்னு இப்ப எனக்குத் தெரியலை.

அந்தப் பொண்ணைத் தனியாப் பிடிச்சுக் கேட்கலாம்னா அம்மா அவளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. மறுநாள் இன்னொரு காட்சி இருந்துது, யூனிஃபார்மோட போய் முதல் வரிசையில உக்காந்து கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேன். அதே கை, அதே பாக்கெட்டு. டைரக்டர் எங்கேன்னு டிக்கெட் கிழிக்கிற பொண்ணுகிட்ட கேட்டா, காலையிலேயே விமானம் ஏறிட்டாங்கன்னா. ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல மெதுவா, ஏன்டா எல்லாத்தையும் இடது கையிலயே பண்றேன்னு கேட்டேன். நீ சிரிச்சே, அது கேரக்டர்ப்பான்னே. உங்க அம்மா பிடிச்சுக்கிட்டா என்னை, புள்ளை உயிரைக் குடுத்து நடிச்சிருக்கான், உங்களுக்குக் கைதான் கண்ணுல பட்டுதான்னு. வீடியோவுல நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். பேசி முடிக்கிற வரைக்கும் உன் வலது தோளுக்குக் கீழே ஒண்ணும் தெரியலை.

நீ இருக்கிற நாட்டுக்கே கிளம்பி வந்துடலாம்னா என் பாஸ்போர்ட்டு புதுப்பிக்கிற ஆபீஸ்ல கிடக்கு, எப்ப வரும்னு கேட்டா வரும்போது வரும்கிறான். அம்மாகிட்ட சொல்லலாம்னா, அவ காய்கறிக் கடைக்காரன் வரைக்கும் என் மகன் படம்னு சொல்லிக்கிட்டுத் திரியறா, ராத்திரி தூக்கத்துல சிரிக்கிறாடா, இத்தனை வருஷத்துல நான் பார்த்ததில்லை. அவ முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படிச் சொல்ல. கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறேன். நேத்து ஒரு நிறுத்தத்துல நிறுத்தாமலே போயிட்டேன், உள்ளே இருந்தவங்க கத்தினப்புறம்தான் நினைப்பு வந்துது. அப்பன்னு ஒருத்தன் இருந்து என்னடா பிரயோஜனம், மகன் கையை டிக்கெட் வாங்கிப் பார்த்துட்டு வர்றேன்.

கம்பெனி டாக்டர் பார்த்தாரு, சரியாயிடும்னாருன்னு பூசி மெழுகாதே. வெளியில ஒரு நல்ல எலும்பு டாக்டரைப் பாரு. நேரத்துக்குச் சாப்பிடு. படம் வேணும்னா எத்தனை வேணும்னாலும் நடி, நான் குறுக்கே நிக்கமாட்டேன். நீ எங்கே இருந்தாலும் உன் உடம்புல ஒரு குறையும் அண்டாம, உன் பேரன் பேத்தியைத் தூக்கி வெச்சுக்கிற வரைக்கும் நீ நல்லா இருக்கணும்.

ஒண்ணே ஒண்ணு மறந்துடாதே. பதிலை வீட்டுக்குப் போடாதே, கவர் மேல இருக்கிற டிப்போ முகவரிக்கு என் பேருக்குப் போடு. டைப் அடிக்காதே, கூட இருக்கிற பசங்களை விட்டும் எழுதச் சொல்லாதே. உன் வலது கையால ரெண்டு வரி எழுது, என்ன வேணும்னாலும் எழுது, என்னைத் திட்டிக்கூட எழுது. முடியலைன்னா இடது கையால எழுது. நான் பார்த்துப் புரிஞ்சுக்கறேன், நீ ஒண்ணும் விளக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக டிப்போ தபால் பெட்டியைத் தினமும் திறந்து பார்க்கப் போகிற
அப்பா