தானாக விழுந்த சுரைக்காய்

அம்மா,

இன்று காலை உலை வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தபோது பின்பக்கம் பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், பந்தலில் கடைசியாகத் தொங்கிய சுரைக்காய் கீழே கிடந்தது. கொடி காய்ந்து பத்து நாளாகிறது. காற்றுகூட இல்லை. எடுத்து ஆட்டினேன், உள்ளே விதைகள் கலகலத்தன. நகத்தால் சுண்டினேன். நீ சுண்டும்போது ஒரு கட்டைச் சத்தம் வருமே, அதுவேதான் வந்தது. என் மகள் ஓடிவந்து காயைத் திருப்பித் திருப்பித் தன் அடையாளத்தைத் தேடினாள். அவள் பூனை கேட்டிருந்தாள். பிஞ்சில் நான் முள்ளால் கீறிய பூனை, காய் பருத்தபோது பன்றி மாதிரி ஆகிவிட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, பெருந்தன்மையான பெண். காயை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உலைத் தண்ணீர் பாதி சுண்டிப்போனது.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கேள்.

பரமத்தி வேலூரில் அப்பா விடிவதற்கு முன்பே வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போய்விடுவார். நீ அடுப்படி வேலையை முடித்து, அழுக்கு மூட்டையைத் தலையிலும் கைப்பிள்ளையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு வாய்க்காலுக்குக் கிளம்புவாய். தூக்குப்போசியில் கம்பஞ்சோற்று உருண்டையும் மோர்மிளகாயும் இருக்கும். தம்பியும் நானும் ஆளுக்கொரு சுரைப்புருடையை முதுகில் கட்டிக்கொண்டு பின்னால் ஓடிவருவோம். முற்றிக் காய்ந்த முழுச்சுரைக்காய்தான் புருடை. அதை முதுகில் கயிற்றால் கட்டிவிட்டால் நீச்சல் பழகும் பிள்ளை முழுகாது. வேலூரில் பையன்களுக்கு மட்டும்தான் அப்படிக் கட்டுவார்கள். பெண்பிள்ளைக்கும் கட்டியது நீ ஒருத்திதான்.

துணி துவைத்து முடிந்ததும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நீயும் தண்ணீரில் இறங்குவாய். மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மிதப்பாய். துறையிலிருக்கும் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். நீ கண்ணைத் திறக்காமலே, "சிரிக்கறவிய எறங்கி வாங்க, ரெண்டு பேருக்கு எடமிருக்குது" என்பாய். ஒருத்தியும் இறங்க மாட்டாள். எனக்கு அப்போது உன்னைப் பற்றி ஏகப்பட்ட பெருமை.

அத்தைக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அப்பாவின் அக்கா. ஆற்று வெள்ளத்தில் பரிசல் கவிழ்ந்து மாமா போன பிறகு நம் வீட்டோடு வந்து இருந்தவர். நாங்கள் ஈரத்தலையோடு வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் தலைகளை எண்ணிப் பார்ப்பார். எண்ணிக்கை சரியாக இருந்தால் திட்டத் தொடங்குவார்.

"பொட்டப்புள்ளைக்கு நீச்ச எதுக்கு? கப்பலேறிச் சீமைக்கா போகப்போறா?"

"சீமைக்குப் போறவளுக்குக் கப்பல் இருக்குதுங்கக்கா. வாய்க்காலுக்குப் போறவளுக்குத்தான் நீச்ச வேணும்" என்பாய் நீ.

சுரைக்கொடி உன் பைத்தியம். ஆடியில் விதை ஊன்றிப் பந்தலில் ஏற்றிவிடுவாய். காய் விரல் நீளம் இருக்கும்போது கருவேல முள்ளால் அதன் தோலில் எங்கள் அடையாளங்களைக் கீறுவாய். எனக்கு மீன், தம்பிக்குச் சேவல். காய் வளர வளர மீனும் சேவலும் வளரும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாங்கள் பந்தலுக்குக் கீழே நின்று யாருடையது பெரியது என்று சண்டை போடுவோம். பறிக்கக் கேட்டால் உன்னிடம் ஒரே பதில்தான். "கொடி தானா உடற வரைக்கும் காயைக் கேக்கக் கூடாது, சாமி." பச்சையில் பறித்த காயை எத்தனை நாள் உலர்த்தினாலும் ஓடு கெட்டிப்படாது. கயிறு இறுகும் கழுத்தில் விரிசல் விட்டுவிடும். அதனால் பங்குனியில் ஒவ்வொரு காயையும் தண்ணீர்த் தொட்டியில் கல்லை வைத்து அமுக்கி, ஓர் இரவு முழுக்கப் போட்டுவைப்பாய். காலையில் எடுத்து ஆட்டும்போது தண்ணீர்ச் சத்தம் கேட்டால் அந்தக் காய் அடுப்புக்குப் போகும். ஊரில் பையன்களைப் பெற்றவர்கள் எல்லாரும் உன் கைப் புருடைக்கு வந்து நிற்பார்கள். நீயும் சும்மாவே கொடுப்பாய்.

ஒரு வருஷம் தைப் பொங்கலுக்கு ராசிபுரத்திலிருந்து பெரியம்மா மகள் வந்திருந்தாள். எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பத்து. பந்தலைப் பார்த்துவிட்டு, "எங்க ஊட்டுல இதவிடப் பெருசு காச்சிருக்குது" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. கையில் எடுத்துக் காட்டினால்தான் கனம் தெரியும் என்று தோன்றியது. என் மீனை அறுக்க மனசு வரவில்லை. அதனால் தம்பியின் சேவலை அறுத்தேன். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது. கதிர் அரிவாளால் காம்பை ஒரே வீச்சு. அவள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவ்வளவும்.

நீ வந்து கேட்டபோது, "தானா உழுந்துச்சும்மா" என்றேன்.

"அப்படியா? சேவலுக்கு அவசரம்போல" என்று சிரித்தாய். காம்பைப் பார்க்கவில்லை. அப்படியே அடுப்பங்கரைப் பரணில் மற்றவற்றோடு கட்டித் தொங்கவிட்டாய். பங்குனியில் எல்லாக் காயையும் தொட்டியில் போட்டாய், அதை மட்டும் போடவில்லை. தன்னால் விழுந்த காய்க்குச் சோதனை வேண்டாம் என்று தனியாக எடுத்து வைத்தாய். நான் பக்கத்திலேயே நின்றேன். சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய்யை மறந்துவிட்டேன், அந்த மௌனம் மறக்கவில்லை.

சித்திரையில் ஒரு காலை. மதகுப் பக்கம், ஆழமான இடம். தம்பி உற்சாகமாகக் கையை அடித்துக்கொண்டு போனான். சடக்கென்று ஒரு சத்தம். அவன் முதுகிலிருந்த காயின் கழுத்து உடைந்து தண்ணீர் உள்ளே புகுந்தது. அவன் தலை முழுகிவிட்டது. கத்தக்கூட இல்லை. துறையில் ஆறேழு பெண்கள் இருந்தார்கள், எல்லாரும் அலறினார்கள், ஒருத்திக்கும் நீந்தத் தெரியாது. நீ கைப்பிள்ளையை என் கையில் போட்டுவிட்டுப் பாய்ந்தாய். நான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ அவன் தலைமயிரைப் பிடித்து மேலே கொண்டுவந்து, கரையில் குப்புறப் போட்டு முதுகில் அறைந்தாய். அவன் வாந்தி எடுத்தான். பிறகு அழுதான். அந்த அழுகைச் சத்தம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்ல முடியாது.

நாம் வீடு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. அத்தை வாசலில் நின்றார். தலைகளை எண்ணினார். அன்றைக்குத் திட்டவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதுதான் பயமாக இருந்தது. அப்பா கொடிக்காலிலிருந்து ஓடிவந்து, "புருடை எப்படி ஒடஞ்சுது? உன்ற கைக்கு இப்படி ஆவாதே?" என்று உன்னைக் கேட்டார்.

உடைந்த காய் உன் கையில் இருந்தது. நீ காம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தானாக விழும் காயின் காம்பு சுருங்கி மொட்டையாக இருக்கும். இதில் அரிவாள் போன சரிவு தெளிவாகத் தெரிந்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய்.

"நாந்தானுங்க அவசரப்பட்டுப் பச்சையில பறிச்சிட்டேன்" என்றாய்.

"இனி இந்த ஊட்டுப் புள்ள ஒண்ணு வாய்க்காப் பக்கம் போகக் கூடாது" என்றார் அத்தை.

நீ ஈரச்சேலையோடு நின்றபடி அப்பாவிடம் பேசினாய். "ஏனுங்க, இன்னைக்கு அந்தத் தொறையில இவனத் தூக்க நான் ஒருத்திதான் இருந்தேன். நானும் இல்லீனா? இன்னொருத்தி வேணுமுங்க. பெரியவளுக்கு இப்பத்தான் கத்துக்குடுக்கோணும். அக்காவும் கூட வந்து கரையில உக்காரட்டும்."

அப்பா அத்தையைப் பார்த்தார். கடைசியில், "அக்கா கூட வந்தா போங்க" என்றார்.

மறுநாளே அத்தையைக் கூட்டிக்கொண்டு போனாய். புருடை இல்லாமல் என்னை இறக்கினாய். என் வயிற்றுக்கு அடியில் உன் கை இருந்தது. நான் அழுதேன். உண்மையைச் சொல்லிவிடவா என்று கேட்டேன்.

"எனக்குத்தான் தெரியுமே. நீ காலை அடி" என்றாய்.

அவ்வளவுதான் நாம் அதைப் பற்றிப் பேசியது. ஆடி வருவதற்குள் நான் அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தேன். கரையில் அத்தை வெற்றிலையை மெல்ல மறந்து வாயில் வைத்திருந்தார். ஆனால் அந்த வருஷம் உன்னிடம் புருடை கேட்டு ஒருவரும் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. பந்தல் நிறையக் காய் தொங்கியது. நீ எதுவும் நடக்காதது மாதிரி எல்லாவற்றுக்கும் முள்ளால் கீறினாய், யார் பிள்ளைக்கு என்று தெரியாத காய்களுக்குக்கூட.

அதற்குப் பிறகுதான் மேட்டூரில் அணை கட்டுவதைப் பார்க்க நீ எங்களைக் கூட்டிப் போனது. இரண்டு பஸ் மாறி, புளிச்சோற்று மூட்டையோடு. எல்லாரும் சுவரின் உயரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். நீ தண்ணீர் நிற்கப்போகும் இடத்தைப் பார்த்து, "இத்தனை தண்ணிக்கு நீச்சத் தெரிஞ்சவிய எத்தனை பேரு இருக்காங்களோ?" என்றாய். பக்கத்தில் நின்றவர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஊரிலேயே, அணை ஆபீஸ்காரருக்கே, நான் வாழ்க்கைப்படுவேன் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். போன மாதம் உன் வருஷத் திதிக்கு எல்லாரும் வேலூரில் கூடினோம். இலை எடுத்த பிறகு தம்பி வழக்கமான பேச்சை ஆரம்பித்தான். "எங்கம்மாளுக்குத் தெரியாத வேல ஒண்ணே ஒண்ணுதான், சொரக்காப் பறிக்கறது. என்னையக் கொல்லப் பாத்தாங்க." எல்லாரும் சிரித்தார்கள். நீ இருந்தபோதும் அவன் இதைச் சொல்வான், நீயும் கூடச் சிரிப்பாய். இந்தத் தடவை உன் படத்துக்கு முன்னால் சிரித்தார்கள். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அதப் பறிச்சது நான்" என்றேன். அரிவாள், ராசிபுரத்துக்காரி, பொய், தொட்டியில் போடாத காய், எல்லாவற்றையும் சொன்னேன்.

தம்பி திரும்பி உன் படத்தைப் பார்த்தான். "அப்ப இத்தனை வருசமா நான் அம்மாவையா கேலி பண்ணிட்டிருந்தேன்?" என்று கேட்டான். அவன் என்மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

"நான் அடி வாங்கக் கூடாதுன்னு அம்மா என்னைய மறச்சுட்டாங்க" என்றேன்.

அத்தை மூலையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. காது மட்டும் நன்றாகவே கேட்கிறது. "அடிக்காகவா மறச்சா? கிறுக்கி. அது உன்ற வேலைன்னு அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா, உன்ற காலத் தண்ணில நனைய உட்டிருப்பனா? கட்டிக்குடுக்கற வரைக்கும் ஊட்டுக்குள்ளயே வெச்சிருப்பேன். உங்கொம்மாளுக்கு அது தெரியும்" என்றார்.

பதினேழு வருஷம், அம்மா. நீ என் முதுகைக் காப்பாற்றினாய் என்றே நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். நீ காப்பாற்றியது என் நீச்சலை. அதற்கு விலையாக உன் கைக்கு இருந்த நல்ல பேரைக் கொடுத்திருக்கிறாய், அதுவும் யோசிக்க நேரமே இல்லாமல், ஈரச்சேலையோடு நின்று.

அன்று சாயங்காலம் தம்பியும் நானும் வாய்க்காலுக்குப் போனோம். அக்கரை வரைக்கும் நீந்தினோம். அவன் இன்னும் என்னைவிட மெதுவாகத்தான் வருகிறான். கரையேறியதும், "அடுத்த வருசம் என்ற புள்ளைக்கு ஒரு சேவல் கீறி அனுப்பு" என்றான். அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. சரி என்றேன்.

இங்கே அணைக்குக் கீழே ஆற்றில் ஒதுங்கிய துறை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மகளோடு அடுத்த வீட்டுப் பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் வருகிறார்கள். அவர்கள் அம்மாக்கள் கரையில் உட்கார்ந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கும் இடமிருக்கிறது.

காலையில் விழுந்த காய் தன்னால்தான் விழுந்தது. காம்பு சுருங்கி மொட்டையாக இருக்கிறது, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். பந்தலுக்கு மகளின் கை எட்டாது. "நீ இதத் தொட்டயா?" என்று கேட்டேன், இல்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை என்று தெரியும். ஆனாலும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, காயை அமுக்கி, மேலே கல்லை வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் எடுத்து அவள் காதருகே வைத்து ஆட்டிக் காட்டுவேன்.