வாரோம் என்று சொன்னவர்கள்

அரிமளம்
புதன்கிழமை காலை

அன்பு மகள் சுடர்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் நின்றதா. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மழையில் கொல்லை முருங்கை ஒரு கிளை ஒடிந்தது, வேறு சேதமில்லை. போனில் பேசாமல் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேனே என்று நினைக்காதே. நேற்று உன்னைக் கூப்பிட்டதே இதைச் சொல்லத்தான், நீ சொல்லுங்கப்பா என்றதும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை உன் கம்பெனிக் கூட்டத்துக்கு முன் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

நம் பக்கத்து ஏற்றுமதி மண்டலத்தில் ஷூ தைக்கும் யூனிட்டைத் தொடங்கும் பொறுப்பு உனக்கு வந்தபோது, நீ வியட்நாமில் இருந்தபடியே ஒவ்வொன்றாக யோசித்துச் செய்தாய். தடையில்லாத மின்சாரம், தூத்துக்குடி துறைமுகத்துக்கு லாரி போய்ச் சேரும் நேரம், சுங்க அனுமதி, வெளிநாட்டார் கேட்கும் தரம், எல்லாவற்றுக்கும் தக்க ஆள் வைத்தாய். உள்ளூர்ப் பெண்கள் எத்தனை பேர் வேலைக்கு வருவார்கள் என்பதை மட்டும் என்னிடம் விட்டாய். அப்பா புள்ளியியல் துறையில் வயல் வயலாக நடந்து கணக்கெடுத்தவர், அவர் கணக்குத் தப்பாது என்று உன் யூனிட்டின் மேனேஜர் ஆனந்தராஜிடம் சொன்னாயாம். அதை நினைத்தால் இப்போது காது சூடாகிறது.

கல்யாண மண்டபத்தில் கூட்டம் கூட்டி, கேசரியும் வடையும் கொடுத்து, நீ அனுப்பிய விதிகளை நான்தான் வாசித்தேன். உள்ளே போகும்போது செல்போனை கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும் என்ற இடம் வந்ததும் என் குரல் தானாக இறங்கிவிட்டது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலைக்கு வாரீங்களா என்று பொதுவாகக் கேட்டேன், யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு, வாசலில் நின்ற என்னிடம் ஒவ்வொருவராக, வாரேங்க, வாரோம் சார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வாரோம்களைத்தான் நான் எண்ணி உனக்கு அனுப்பினேன். பொய் சொல்லக்கூடாது, அப்போதே உள்ளுக்குள் உறுத்தியது. இது வேலைக்கு வருகிறோம் என்பதா, வீட்டுக்குப் போய்வருகிறோம் என்பதா என்று இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ, நீ வாடிப்போவாயோ என்று பயந்து கேட்காமல் விட்டேன்.

திங்கட்கிழமை அவர்களை வேலைக்கு ஏற்றிப்போக வந்து நின்ற கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டுகள்கூட நிறையவில்லை. அன்று நீ பேசும்போது, விடுங்கப்பா, நம்ம ஊர்ப் பொம்பளைங்க சொன்ன சொல்லுல நிக்கல, அதுக்கு நீங்க என்ன செய்வீங்க என்றாய். நான் ஆமாம்மா என்றேன். தப்பாக எண்ணியதைவிட அந்த ஆமாம்மாதான் என்னை அரிக்கிறது. ஆனந்தராஜ் நேற்றுச் சொன்னார், இந்த ஊர் ஆட்களை நம்ப முடியாது என்று நீ வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்தால் தையல் வேலை முழுவதும் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுமாம். அந்த எண்ணிக்கையை நீயே போட்டதாக மேலிடத்தில் சொல்லி, ஏச்சையும் நீயே வாங்கிக்கொண்டாயாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே அம்மா.

அதைக் கேட்டபின் வீட்டில் இருக்க முடியாமல், கூட்டத்துக்கு வந்திருந்த மூக்காயியிடம் போய் ஏன் வரவில்லை என்று நேராகவே கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். அண்ணே, வடையத் தின்னுட்டுப் போறோம்னா சொல்லுவாக? எழவு வீட்டுலதான் வாரோம்னு சொல்லாமப் போவாக, நீங்க கூப்புட்டது கல்யாண மண்டபமாச்சே என்றாள். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு, எங்களுக்கு வேல வேணாம்னு இல்லண்ணே, போனையும் வாங்கி வச்சுக்கிட்டா, பிள்ளைக்குக் காய்ச்சல்னு டீச்சரு யாருக்கு அடிக்கும், அத அன்னைக்கே ஒங்ககிட்டக் கேக்கலாம்னு பாத்தோம், நீங்க எங்களவிடப் பயந்து போயி நின்னீக என்றாள். இதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். உன் அம்மா, இத்தன வருசமா நான் சரிங்க சரிங்கன்னு சொன்னதையும் இப்புடித்தான் கணக்கு வச்சிருந்தீங்களா என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நேற்று சாயங்காலமே இன்னும் சில வீடுகளுக்குப் போய்க் கேட்டேன், பெரும்பாலும் அதே பேச்சுத்தான். யூனிட்டுக்குள் ஒரு போன், அதை எடுக்க ஓர் ஆள், அந்த நம்பர் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதச் செய்யுங்க, வேலைக்கு வாரோம்னு வேலையவும் சேத்தே சொல்றோம் என்றாள் மூக்காயி. இது ஒன்றுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், ஒருமுறை கணக்குத் தப்பியவன். ஆனந்தராஜை அனுப்பி நீயும் தனியாக விசாரித்துக்கொள். ஆனால் பெண்கள் சொல் தவறினார்கள் என்று மட்டும் எழுதாதே அம்மா. அவர்கள் சொல்லவே இல்லை. கேட்கப் போனவர் சரியாகக் கேட்கவில்லை என்று எழுது, என் பெயரைப் போட்டே எழுது. அப்பா ஆயிற்றே என்று மறைக்காதே, மறைத்தால் அந்தப் பஸ் வரும் தெருவில் நான் நடக்க முடியாது.

அரியநாயகி அம்மன் உன்னை நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும், எடுத்த வேலை உன் கையில் நல்லபடி முடியட்டும். வெந்நீரே குடி, இருமலை அலட்சியம் செய்யாதே. இன்னொன்றும் கேட்க வேண்டும். சித்திரையில் திருச்சி ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்குள் போகும்போது, வாரேன்ப்பா என்று சொன்னாய். அதைப் பொங்கலுக்கு வருவாய் என்று எடுத்துக்கொண்டு அம்மா உன் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள், நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன். கேட்கப் பயந்துகொண்டே இத்தனை மாதம் இருந்துவிட்டேன், இப்போது கேட்கிறேன், வருகிறாயா? இல்லையென்றால் இல்லை என்றே சொல் அம்மா.

உன் அப்பா,
உடையப்பன்