அந்த முகம் முன்பு எப்படி இருந்தது?

நேற்று ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ஒருவனை ரயிலேற்றி வேலூரில் நம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். முகத்தில் அடி. அவன் வேட்டியின் ஆவாரம்பட்டை நெடி காயம் கட்டும் அறையில் இன்னும் நிற்கிறது. எனக்கு உன் நினைவுதான் வந்தது.

நாம் இருவரும் நர்ஸாகச் சேர்ந்த நாட்களில், ஷாப்புக் கம்பவுண்டர்கள் கொடுத்தனுப்பும் சீட்டில் ‘முகத்தில் அடி’ என்பதற்குமேல் ஒரு வார்த்தை இருக்காது. முகம் பூசணிக்காயாக வீங்கி வந்து சேரும். எது புதுக் காயம், எது பழைய கோணல் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

மேல்விஷாரத்து மனிதர் ஒருவர்மேல் பரணிலிருந்து தோல்கட்டு விழுந்ததே, அன்று மூக்கு கோணியிருப்பதைப் பார்த்து டாக்டரம்மா அதை நிமிர்த்தத் தயாராகிவிட்டார். நான் குளோரோபாரத்தை எடுத்து வைத்துவிட்டேன். நீ மட்டும் வாசலுக்கு ஓடினாய். திரை போட்ட ஜட்காவுக்குள் அவர் மனைவி இருந்தார். ஆண்கள் நிற்கும் வாசலில் அவர் இறங்க மாட்டார் என்பதால் யாரும் அவரிடம் எதையும் கேட்டிருக்கவில்லை.

“மூக்கா? அது நிக்காஹ் அன்னிக்கே கோணல்தாம்மா! பல்லப் பாருங்க. மேல்பல்லும் கீழ்பல்லும் சேரல. கஞ்சி குடுத்தா ஒழுவுது.”

உடைந்திருந்தது தாடை. நல்லவேளை மூக்கில் கை வைக்கவில்லை என்று டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பாதியில் ஓடினாயே என்று நான்தான் உன்னைக் கடிந்துகொண்டேன். “முகத்தப் பத்தி, அதத் தினம் பாக்கறவங்களக் கேக்காம வேற யாரக் கேக்கறது?” என்றாய்.

அதற்குப் பிறகு நீ விடவில்லை. பல் சேர்கிறதா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, முன்பு முகம் எப்படி இருந்தது என்று கூட வந்தவரைக் கேட்டு எழுதாமல் சீட்டு வரக்கூடாது என்றாய். நச்சரித்தே டாக்டரம்மாவிடம் சம்மதம் வாங்கினாய்.

“இன்னாம்மா இது, பொண்ணு பாக்கப் போறீங்களா?” என்று ஆம்பூர்க் கம்பவுண்டர் கேலி செய்தார்.

“ஆமாய்யா, மூக்கும் முழியுமா திருப்பி அனுப்பணுமில்ல?” என்றாய்.

அப்படிப்பட்டவளை ஓர் ஐப்பசிக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. சாப்பிடும்போது உன் இடத்தில் ஒரு புதுப் பெண் உட்காருகிறாள். நல்ல பெண்தான். ஆனாலும் அவளோடு எனக்குப் பேச்சு ஓடுவதில்லை.

நேற்று வந்தவனுக்கு உற்றார் உறவு யாருமில்லை. சீட்டில் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை. ஷாப்புக்குச் சொல்லியனுப்பினேன். சுண்ணாம்புத் தொட்டியில் அவனோடு வேலை செய்பவன் இன்று ரயிலேறி வந்தான். “சிரிச்சா எடது கன்னத்துல குழி வுழும்மா. அது வந்துட்டா போதும், நம்ம தோஸ்த்துதான்” என்றான். அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டேன்.

எனக்கு ஏதாவது ஆனால் என் முகத்தைப் பற்றி இப்படி வந்து சொல்ல நீ ஒருத்திதான் இருந்தாய். உன் முகத்தைப் பற்றியும் என்னிடம் யாரும் கேட்பதில்லை. வலது புருவம் சற்றே ஏறியிருக்கும். கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். சிரிப்பை அடக்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்வாய். எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.