என் பேர்ல ஒருத்தி

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. குழாய் ரிப்பேர்காரர் மத்தியானம் வருவார், சிங்க் அடியில ஒழுகுறதைக் காட்டுங்க.

ஜெயிக்கவே முடியலைன்னு புலம்புவீங்களே, அந்த கம்ப்யூட்டர் ஆட்டத்தை மூடாமத் தூங்கிட்டீங்க. உங்க படையில என் பேர்ல ஒருத்தி இருக்கா. பகடையில விழுந்த புள்ளிகளை நீங்கதான் பிரிச்சுக் கொடுத்திருக்கீங்க. பலம் பதினெட்டு, அறிவு வெறும் மூணு! எல்லார் மூட்டையும் அவ முதுகுல. வழியில கண்ணிப்பொறி இருக்கான்னு பார்க்க அவளைத்தான் முன்னாடி தள்ளிவிடுறீங்க. உங்க வீரனுக்கு மட்டும் அறிவும் அழகும் பொங்கி வழியுது.

மூட்டையையெல்லாம் ஆட்டத்துல வர்ற ஆத்துல தூக்கிப் போட்டு சேவ் பண்ணிட்டேன்.

பி.கு: வண்டிச் சாவியைத் தேடாதீங்க. எங்க வச்சேன்னு எனக்கே ஞாபகம் இல்லை. அறிவு மூணுதானே!